ஒரு நாள் முன்னதாக வந்த சாமியானா

இம்தியாஸின் வாடகைக் கடையில் இரண்டாயிரத்து நானூறு பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் கடையின் போன் நம்பர் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதப்பட்டிருக்கும். சாமியானா, ஜமுக்காளம், அண்டா, கரண்டி, ஸ்டாண்டு ஃபேன் என்று ஒரு வீட்டு விசேஷத்துக்கு வேண்டிய எல்லாமே அங்கே கிடைக்கும். திருச்சி பாலக்கரையில் அவனுடைய அத்தா தொடங்கிய கடை. எந்தப் பொருள் எந்த வீட்டுக்குப் போயிருக்கிறது, எப்போது திரும்பும் என்பதையெல்லாம் அத்தா மனதிலேயே வைத்திருந்தார். இம்தியாஸும் அப்படி வைத்துக்கொள்ளப் பார்த்து, ஒரே முகூர்த்தத்தில் ஒரே பெரிய அண்டாவை மூன்று கல்யாணங்களுக்கு ஒப்புக்கொண்டுவிட்டான். அவனுக்குக் கல்யாணமாகி அது இரண்டாவது மாதம். மூன்று வீட்டுச் சமையல்காரர்களும் கடை வாசலில் வந்து நின்று ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டதைப் பார்த்த அவன் மனைவி ஆரிஃபா, அன்றைக்கே லேப்டாப்பைத் திறந்தாள்.

ஆரிஃபா ஜாவா புரோகிராமர். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடி வேலை செய்துகொண்டிருந்தாள். கிடைத்த நேரத்தில் ஆறு வாரம் உட்கார்ந்து கடைக்காக ஒரு வெப் அப்ளிகேஷன் எழுதினாள். பெயர், விலாசம், தேதி, என்ன பொருள், எத்தனை எண்ணிக்கை. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். தினமும் மாலையில், மறுநாள் வண்டியில் ஏற்ற வேண்டியவற்றைப் பட்டியலாக அச்சடித்துக் கொடுக்கும். கடையிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் அது நான்கு வருடம் ஒழுங்காக ஓடியது. அண்டாச் சண்டை அதற்குப் பிறகு வரவில்லை.

ஸ்ரீரங்கத்தில் கிளை திறந்த பிறகுதான் தலைவலி ஆரம்பித்தது. மேலூர் ரோட்டில் சின்னதாக ஓர் அறை, ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் சுபலட்சுமி. துறையூர்ப் பக்கத்துப் பெண், பி.காம். படித்தவள். முடியாது என்பதைக்கூட வந்தவர் சிரித்துக்கொண்டே திரும்பிப் போகும்படி சொல்லத் தெரிந்தவள். ஆனால் அவள் ஆர்டர் பதிய வேண்டுமென்றால் பாலக்கரைக் கம்ப்யூட்டர் விழித்திருக்க வேண்டும். பாலக்கரையிலோ யாருக்குப் புழுங்கினாலும் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபேனைச் செருகினார்கள்.

"அக்கா, கம்ப்யூட்டர் மறுபடியும் காத்து வாங்கப் போயிடுச்சு" என்று சுபலட்சுமி போன் செய்வாள். "இங்க ஒருத்தர் வளைகாப்புக்கு நூறு சேர் கேட்டு உக்காந்திருக்காரு. குழந்தை பொறக்கறதுக்குள்ள போட்டு விடுங்க."

ஒரு சித்திரை மாதத்தில் இப்படி ஒரே நாளில் ஐந்து முறை நடந்தபோது, இதைக் கிளவுடில் ஏற்றிவிடுவது என்று ஆரிஃபா முடிவு செய்தாள். முகூர்த்தமே இல்லாத ஆடி மாதம் வரட்டும் என்று காத்திருந்தாள்.

அவளுடைய கம்பெனியில் வெள்ளிக்கிழமை எதையும் ஏற்றக்கூடாது என்பது எழுதாத சட்டம். ஏற்றினால் சனி ஞாயிறு போய்விடும். ஆனால் கடை மூடியிருப்பது வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் மட்டும்தான். எனவே ஆடி முதல் வெள்ளியன்று, இம்தியாஸ் பள்ளிவாசலுக்குக் கிளம்பியதும், அவள் கடைக் கம்ப்யூட்டரின் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

நினைத்ததைவிட அது பிடிவாதமாக இருந்தது. நான்கு வருடங்களுக்கு முன்னால் எழுதியபோது டேட்டாபேஸின் பாஸ்வேர்டைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தாள். அதுவும் 'அண்டா123' என்று. கம்பெனியில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அரை மணி நேரம் பாடம் எடுத்திருப்பாள். முகம் சிவக்க அதை வெளியே எடுத்துத் தனியாக வைத்தாள். ரசீதுகளின் போட்டோவெல்லாம் டி டிரைவில் சேரும்படி எழுதியிருந்தாள். கிளவுடில் டி டிரைவ் என்று ஒன்றே கிடையாது. கம்ப்யூட்டரில் இருந்தது பழைய ஜாவா, அங்கே இருந்தது புதிது. பழையதில் வாயைத் திறக்காமல் வேலை செய்த இரண்டு மூன்று பகுதிகள் புதியதில் முறையிட்டன. ஒவ்வொன்றாகச் சமாதானம் செய்து, எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, மும்பையிலிருக்கும் ஒரு மெஷினில் ஏற்றி, ஆவணியிலிருந்து வரப்போகும் முகூர்த்தங்களுக்கு ஏற்கனவே பதிந்திருந்த ஆர்டர்களையும் அங்கே நகர்த்தினாள். நகர்த்துவதற்கு முன் நூற்று நாற்பத்து மூன்று ஆர்டர்கள். நகர்த்திய பின்பும் நூற்று நாற்பத்து மூன்று. சுபலட்சுமியைக் கூப்பிட்டு ஒரு புது ஆர்டர் போட்டுப் பார்க்கச் சொன்னாள். போட்ட தேதியே திரும்ப வந்தது. பாலக்கரையில் பிளக்கைப் பிடுங்கினாள். ஸ்ரீரங்கத்தில் திரை அசையவில்லை.

"அக்கா, இது என்ன, வெண்ணெய் மாதிரி போகுது" என்றாள் சுபலட்சுமி.

பந்தல் போடும் ஆட்களுக்கு மேஸ்திரி பெரியண்ணன். பச்சைமலைக்காரர். அவருக்கும் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது, பட்டியலைக் கையில் வாங்குபவர் அவர்தானே. "இனிமே கணக்கு எல்லாம் கிளவுட்ல இருக்குண்ணே. கிளவுடுன்னா மேகம்" என்று இம்தியாஸ் பெருமையாகச் சொன்னான்.

பெரியண்ணன் வானத்தை அண்ணாந்து பார்த்தார். "எங்க ஊர்ல மார்கழியில மேகம் வீட்டுக்குள்ளயே வந்துடும், பாய். தீப்பெட்டி நமுத்துப் போகும். வேற ஒண்ணும் பிரயோஜனம் இல்லை."

ஆனாலும் அந்த ஆடி மாதம் முழுக்க எல்லாம் சரியாகவே நடந்தது. கூழ் ஊற்றுவதற்கு முந்தின நாள் வந்து கேட்டவர்களுக்கு நாற்காலி போனது. ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபம் பக்கம் அன்னதானத்துக்குக் கடைசி நேரத்தில் கேட்ட இருநூறு நாற்காலிகள் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஆரிஃபா சமையலறையில் மீன் கழுவும்போதுகூட லேசாகப் பாட்டு முணுமுணுத்தாள். ஆவணியின் முதல் முகூர்த்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கான ஆர்டர்கள் எல்லாம் ஆனி மாதமே வந்து பதிந்து கிடந்தன.

வெள்ளிக்கிழமை மாலை, சனிக்கிழமைக்கான பட்டியலைச் சுபலட்சுமி அச்சடித்துக் கொடுத்தாள். பெரியண்ணன் அதை வாங்கித் தள்ளிப் பிடித்துப் படித்தார். மூன்று இடங்கள். முதலாவது மேலூர் ரோட்டுக்குப் பின் தெருவில் நல்லதம்பி என்பவர் வீடு. சாமியானா ஒன்று, நாற்காலி எண்பது.

"என்ன விசேஷம்மா?"

"வீட்டு விசேஷம்னுதான் போட்டிருக்கு. கலர்கூட எழுதலை."

"நாளைக்குச் சனிக்கிழமையாச்சே. நவமி வேற."

"கிளவுட்லயே சனிக்கிழமைன்னு இருக்குண்ணே."

கிளவுடிலேயே இருக்கிறது என்றால் அதற்கு மேல் என்ன பேசுவது. கலர் எழுதாததால் வெள்ளைத் துணியை எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டார். மறுநாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தால் வீடு வெளியில் பூட்டியிருந்தது. பட்டியலிலிருந்த நம்பருக்கு இரண்டு முறை அடித்தார். எடுக்கவில்லை. கோயிலுக்குப் போயிருப்பார்கள், வரும்போது பந்தல் தயாராக இருந்தால் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்துக்கொண்டு, வாசலில் வெள்ளைச் சாமியானாவைக் கட்டி, எண்பது நாற்காலிகளைத் தெரு வரைக்கும் இறக்கிப் போட்டுவிட்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிட்டார்.

காலை ஏழேகாலுக்கு ஆரிஃபாவின் போன் அடித்தது. அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க" என்றாள் சுபலட்சுமி. அவள் குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை. "சேர் முதுகுல இருக்கற நம்பரைப் பாத்து வரிசையா போன் வருது. நல்லதம்பி ஐயாவை எத்தனை மணிக்கு எடுக்கறாங்கன்னு கேக்கறாங்க."

"எங்க எடுக்கறாங்க?"

"சுடுகாட்டுக்குக்கா."

ஆரிஃபா அடுப்பைச் சின்னதாக்கினாள்.

"நான் ஆர்டரைத் திறந்து பாத்தேன்" என்று தொடர்ந்தாள் சுபலட்சுமி. "ஆனி மாசம் அவரே பாலக்கரைக் கடைக்கு நேர்ல வந்து, ரசீதுல கையெழுத்துப் போட்டு புக் பண்ணிட்டுப் போயிருக்காரு. தன் சாவுக்குத் தானே வந்து சேர் சொல்லிட்டுப் போவாங்களா?"

தோசையை அப்படியே விட்டுவிட்டு ஆரிஃபா லேப்டாப்பை எடுத்தாள். திரையில் தெரியும் பக்கத்தை விட்டுவிட்டு, டேட்டாபேஸுக்குள் நேராகப் போய் அந்த ஆர்டரைப் பார்த்தாள். சனிக்கிழமை, மாலை ஆறரை மணி. அவள் எந்த ஆர்டருக்கும் மணி பதிந்ததில்லை, தேதி மட்டும்தான். அந்த நாள் பிறக்கும் நள்ளிரவைப் புரோகிராம் தானாகச் சேர்த்துக்கொள்ளும். நேற்றுப் பதிந்த ஒரு புது ஆர்டரைப் பார்த்தாள். இரவு பன்னிரண்டு மணி, சரியாக. ஆனி மாதத்து ஆர்டர்களைப் பார்த்தாள். எல்லாம் மாலை ஆறரை.

பின்னால் தோசை தீய்கிற வாசனை வந்தது. அவள் அசையவில்லை. நம் ஊர் நேரம் லண்டனின் கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. இங்கே ஞாயிற்றுக்கிழமை பிறக்கும்போது அங்கே சனிக்கிழமை மாலை ஆறரை. பாலக்கரைக் கம்ப்யூட்டர் நம் ஊர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பதிந்து வைத்ததை, புது மெஷின் கிரீன்விச் கடிகாரத்தைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தது. அவள் நகர்த்திய நூற்று நாற்பத்து மூன்றும் ஒரு நாள் முன்னால் போய் நின்றிருந்தன. எண்ணிப் பார்த்தாளே தவிர, ஒன்றையாவது திறந்து தேதியைப் பார்க்கவில்லை.

"என்னங்க" என்று கூப்பிட்டாள். "உடனே பெரியண்ணனுக்குப் போன் போடுங்க. மீதி ரெண்டு இடத்துக்கும் போக வேண்டாம், வண்டி எங்க இருக்கோ அங்கயே நிக்கட்டும்."

இம்தியாஸ் முகத்தில் சோப்போடு வந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "அப்ப அவர் மவுத்தாகலையா?"

அதுதான் ஆரிஃபாவுக்கும் தெரியவில்லை. நாற்காலி முன்னால் போனது அவள் தப்பு. ஆனால் அந்த மனிதர் எங்கே?

ஸ்கூட்டரில் காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது இம்தியாஸ் பின்னால் திரும்பி, "மும்பைல இருக்கற மெஷின்னுதானே சொன்னே? மும்பைக்கும் நமக்கும் ஒரே டைம்தானே?" என்று கேட்டான்.

"மெஷின் மும்பைலதான் இருக்கு. அது கட்டியிருக்கற வாட்ச் லண்டன் வாட்ச். ரோட்டைப் பாருங்க."

தெருமுனையிலேயே கூட்டம் தெரிந்தது. எண்பது நாற்காலிகளில் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கேட் ஓரமாகச் சுபலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்திருந்தாள். அவள் கையில் யாரோ ஒரு சம்பங்கி மாலையைக் கொடுத்துப் பிடித்திருக்கச் சொல்லியிருந்தார்கள். அதை என்ன செய்வதென்று தெரியாமல் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வீடு பூட்டியிருக்குக்கா. ராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க, அங்கயே முடிஞ்சுடுச்சு, பாடிக்காகக் காத்திருக்கோம்னு சொல்றாங்க."

"யார் சொன்னது?"

"ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கறாங்க."

பக்கத்து வீட்டு மாமி ஒருவர் மடிசாரைச் சரி செய்தபடி அருகில் வந்தார். "ஏண்டிம்மா, நீங்க ஒறவா? நன்னாத்தானே இருந்தார். நேத்து சாயங்காலம்கூடத் துளசிக்கு ஜலம் விட்டுண்டிருந்தார். பெருமாள் எப்பக் கூப்பிடுவான்னு யாருக்குத் தெரியறது."

"நாங்க வாடகைக் கடைங்க, மாமி" என்றாள் ஆரிஃபா. மாமி அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

முதலில் மெஷினைச் சரி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு வேறு எந்த வீட்டிலாவது யாராவது சாவார்கள் என்று ஆரிஃபாவுக்குத் தோன்றியது. ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சாமியானாவைத் தாண்டி வீட்டின் பக்கவாட்டுச் சந்துக்குப் போனாள். மடியில் லேப்டாப்பை வைத்துப் போனிலிருந்து இன்டர்நெட் எடுத்தாள். அப்போது தலைக்கு மேலே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

மாடியில், பக்கவாட்டு ஜன்னலில், கட்டம் போட்ட கைலியும் பனியனுமாக ஒரு பெரியவர் நின்றிருந்தார். வாயில் பிரஷ். ஒரு காதில் கேட்கும் கருவி. அவர் கண்ணைச் சாமியானாப் பக்கம் காட்டி, பிரஷை எடுத்துவிட்டு, மிக மெதுவாகக் கேட்டார்.

"யாரும்மா செத்தது?"

ஆரிஃபா எழுந்து நின்றுவிட்டாள். "ஐயா, நீங்க?"

"நல்லதம்பி."

"நீங்கதாங்கய்யா செத்தது."

அவர் கையிலிருந்த பிரஷைப் பார்த்தார். அவள் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். சாமியானா நாளைக்கு வர வேண்டியது, கம்ப்யூட்டரை மாற்றியதில் தேதி தவறிவிட்டது, தப்பு முழுக்க அவளுடையது, வெள்ளைத் துணியையும் பூட்டையும் பார்த்துத் தெருவே முடிவு கட்டிவிட்டது. நல்லதம்பி பெரிய தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இயந்திரச் சத்தத்தில் காது போயிருந்தது. இரவில் கருவியைக் கழற்றி வைத்துவிட்டால் இடி விழுந்தாலும் தெரியாது. மனைவியும் மகளும் மறுநாள் மகளின் நிச்சயதார்த்தத்துக்குக் காய்கறி வாங்க விடிவதற்கு முன்பே காந்தி மார்க்கெட் போயிருந்தார்கள். எழுப்ப மனமில்லாமல் வெளியில் பூட்டிக்கொண்டு போவது அவர்கள் வழக்கம்.

"இருங்கய்யா, நான் போய் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

"அவசரப்படாதீங்க" என்றார் நல்லதம்பி. "இப்பதான் மயிலம்மாள் ஆரம்பிச்சிருக்கா. எதிர் வீடு. பதினாறு வருஷமா என்கூட அவ சரியாப் பேசினதில்லை. இப்பக் கேளுங்க."

சாமியானாவுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. "வெள்ளம் வந்தப்ப எங்க ஃப்ரிட்ஜைத் தனி ஆளாத் தூக்கி மாடில வச்சது அவருதான். இதைச் சொல்லி ஒரு நாள் நன்றி சொல்லியிருப்பேனா? குப்பைத்தொட்டிக்குச் சண்டை போட்டே காலத்தை ஓட்டிட்டேன்."

நல்லதம்பி தலையை ஆட்டினார். "குப்பைத்தொட்டி விஷயத்துல தப்பு அவ பேர்லதான்" என்றார் ரகசியமாக.

"வரவு செலவு, சங்கம், மனுன்னு எல்லாத்துக்கும் முன்னால நிப்பாரு" என்று ஓர் ஆண் குரல் சொன்னது. "மீட்டிங்ல மைக்கைக் குடுத்தா மட்டும் திருப்பி வாங்க முடியாது."

"அது யாரு? சேகர் மாதிரி இருக்கு" என்று நல்லதம்பி ஜன்னல் கம்பியில் காதை வைத்தார். "அஞ்சு நிமிஷம் இரும்மா. இதெல்லாம் வேற எப்பக் கேக்கப் போறோம்."

ஆரிஃபாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்துவிடலாம் என்று நினைத்தாள். மெஷினுக்கு ஒரு வரி எழுதினால் போதும்: உன் நேரம் ஆசியா, கொல்கத்தா. பழைய ஆர்டர்கள் தானாகச் சரியான நாளுக்கு வந்துவிடும். புது ஆர்டர்கள் விடியற்காலை ஐந்தரை என்று காட்டும், ஆனால் நாள் மாறாது. காகிதம் இல்லாததால் விரல் விட்டு இரண்டு முறை கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டாள். வரியை எழுதி, அப்ளிகேஷனை நிறுத்தி, மறுபடி ஓட விட்டாள். அது எழுந்திருக்க ஒரு நிமிடம் ஆகும்.

அந்த ஒரு நிமிடத்தில் தெருமுனையில் ஆட்டோ திரும்பியது.

சீட்டின் ஓரமாக உட்கார்ந்திருந்தவர் வள்ளிக்கண்ணு, நல்லதம்பியின் மனைவி. மடியில் வாழையிலைக் கட்டு. பக்கத்தில் மகளும் இரண்டு மூட்டைக் காய்கறியும். ஆட்டோ நிற்பதற்குள் அவர் பார்த்துவிட்டார்: வாசலில் வெள்ளைத் துணி, வரிசையாக நாற்காலிகள், தலைகுனிந்த தெரு, கேட்டில் ஒரு பெண் கையில் மாலை. வாழையிலைக் கட்டு மடியிலிருந்து நழுவிச் சாலையில் விழுந்தது. அவர் இறங்கவில்லை. இறங்க முடியவில்லை. ஆட்டோவின் கம்பியைப் பிடித்த கை அப்படியே நின்றது. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்தார்கள். பெண்கள் ஒன்றிரண்டு பேர் வாயைத் துணியால் மூடிக்கொண்டார்கள்.

ஆரிஃபா லேப்டாப்பை நாற்காலியில் போட்டுவிட்டு ஓடினாள். இத்தனை நேரம் அவளுக்கு இது வெட்கமாக இருந்தது, கொஞ்சம் வேடிக்கையாகக்கூட இருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் இரண்டும் போய்விட்டன. ஆட்டோவின் அருகே மண்டியிட்டு வள்ளிக்கண்ணுவின் கையைப் பிடித்தாள்.

"அம்மா, ஐயா நல்லா இருக்காங்க. மாடியில பல் விளக்கிட்டு இருக்காங்க. பந்தல் தப்பா வந்துடுச்சு, வேற ஒண்ணும் இல்லை. என்னைப் பாருங்க. ஐயாவுக்கு ஒண்ணும் இல்லை."

வள்ளிக்கண்ணுவுக்கு அது உள்ளே போக நேரமாயிற்று. அதற்குள் மாடியிலிருந்து, "வள்ளி, நான் இங்க இருக்கேன்" என்று குரல் வந்தது. நல்லதம்பி முன்பக்கம் வந்து, சாமியானா மறைத்ததால், அதன் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தலையை நீட்டினார். வாயோரத்தில் நுரை காய்ந்து ஒட்டியிருந்தது.

சம்பங்கி மாலையைச் சுபலட்சுமி மெதுவாகத் தன் முதுகுக்குப் பின்னால் கொண்டு போனாள்.

சாவி வள்ளிக்கண்ணுவின் இடுப்பில் இருந்தது. அதை வாங்கி ஆரிஃபாதான் பூட்டைத் திறந்தாள். நல்லதம்பி படியிறங்கி வந்து நின்றார். வள்ளிக்கண்ணு அவருடைய தோளில் ஓர் அடி வைத்தார், பிறகு அந்தத் தோளிலேயே நெற்றியை வைத்துக்கொண்டார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது என்பது இரண்டு பேருக்கும் அப்போது நினைவில்லை. மகள் ஆட்டோவுக்கு அருகில் நின்றபடியே அழுதாள்.

"முழிச்சு எவ்வளவு நேரமாச்சு?" என்று வள்ளிக்கண்ணு கேட்டார், தலையைத் தூக்காமல்.

"இப்பதான்."

"பிரஷ் காஞ்சு போயிருக்கு."

நல்லதம்பி பிரஷை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். வள்ளிக்கண்ணு முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆட்டோவைச் சுட்டிக்காட்டி, "மூட்டையை இறக்குங்க. வந்திருக்கறவங்களுக்கு யாராவது ஒரு டீ குடுத்தீங்களா?" என்றார். அதற்குப் பிறகுதான் தெருவில் முதல் சிரிப்பு கேட்டது. அது மயிலம்மாளுடையது. சிரித்துவிட்டு உடனே முகத்தை மாற்றிக்கொண்டு, "குப்பைத்தொட்டி பத்தி நான் சொன்னதை யாரும் மனசுல வச்சுக்க வேண்டாம்" என்றாள்.

இம்தியாஸ் மன்னிப்புக் கேட்டான். எல்லாரிடமும் தனித்தனியாகக் கேட்டான். சாமியானாவை உடனே பிரித்துவிடுவதாகச் சொன்னான். அப்போது புதிய கேள்வி ஒன்று எழுந்தது: இழவு கேட்க வந்தவர்கள் உட்கார்ந்த நாற்காலியில் நாளைக்குச் சம்பந்தி வீட்டார் உட்காரலாமா? ஒருவர் கூடாது என்றார். இன்னொருவர் மஞ்சள் தண்ணீர் தெளித்தால் போதும் என்றார். வள்ளிக்கண்ணு பக்கத்து வீட்டு மாமியைப் பார்த்தார்.

"இருக்கறவாளுக்கு எங்கேர்ந்து வரும் தீட்டு?" என்றார் மாமி. "அவர் தீர்க்காயுசா இருப்பார். துணியை மட்டும் மாத்தச் சொல்லுங்கோ. வெள்ளை கண்ணை உறுத்தறது."

பெரியண்ணன் பத்து மணிக்கு வந்து சேர்ந்தார். வழியிலேயே விஷயத்தைக் கேள்விப்பட்டிருந்தார். வண்டியிலிருந்து இறங்கி நேராக நல்லதம்பியிடம் போய், கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சூடா இருக்கு" என்றார். பிறகு ஆரிஃபா பக்கம் திரும்பி, "சனிக்கிழமையாச்சே, நவமியாச்சேன்னு நேத்தே கேட்டேம்மா" என்றார்.

"கேட்டீங்கண்ணே. சுபா சொன்னா. நான்தான் பாக்கலை" என்றாள் ஆரிஃபா.

வெள்ளை இறங்கி, சிவப்பும் மஞ்சளுமாக ஜாலர் வைத்த துணி ஏறியது. ஆரிஃபா சந்துக்குத் திரும்பிப் போய் லேப்டாப்பை எடுத்தாள். அது எப்போதோ எழுந்துவிட்டிருந்தது. இந்த முறை எண்ணிக்கையைப் பார்த்து நிறுத்திக்கொள்ளவில்லை. சுபலட்சுமியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, ரசீதுகளின் போட்டோவை ஒவ்வொன்றாகத் திறந்து, நூற்று நாற்பத்து மூன்று தேதிகளையும் வாய்விட்டுப் படித்து ஒத்துப் பார்த்தாள். மதியமாகிவிட்டது. வள்ளிக்கண்ணு இரண்டு பேருக்கும் தட்டில் சாம்பார் சாதம் கொண்டு வந்து கொடுத்தார்.

"அது என்னம்மா கொல்கத்தா?" என்று, திரையை எட்டிப் பார்த்த நல்லதம்பி கேட்டார்.

"இந்தியா முழுக்க அதுதாங்கய்யா கணக்கு."

"அப்ப மும்பைல இருக்கற மெஷின், லண்டன் நேரத்தைப் பாத்து, ஸ்ரீரங்கத்துல இருக்கற என்னைச் சாகடிச்சிருக்கு. கொல்கத்தா வந்து காப்பாத்தியிருக்கு."

"ஆமாங்கய்யா" என்றாள் ஆரிஃபா. அதைவிடச் சரியாக அவளுடைய கம்பெனியில்கூட யாரும் அறிக்கை எழுத முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் நன்றாக நடந்தது. கடைசி வரிசையில் உட்காரப் போன ஆரிஃபாவையும் இம்தியாஸையும் வள்ளிக்கண்ணு கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்தார். மாப்பிள்ளை வீட்டாருக்கும் விஷயம் எட்டியிருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார், தாம்பூலம் மாற்றும்போது சம்பந்தியின் கையை வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். தெருவில் வழக்கமாக வருவதைவிட நிறையப் பேர் வந்திருந்தார்கள். நல்லதம்பி ஒவ்வொருவராக வரவேற்று, "நேத்து நீங்க என்னைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சேகர் என்பவர் மட்டும் பந்தி முடிந்ததும் யார் கண்ணிலும் படாமல் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை ஆரிஃபா கம்பெனிக்கு லீவு சொன்னாள். நான்கு வருடப் புரோகிராமைத் திறந்து, தேதியோடு மணியும் சேர்ந்து ஒட்டிக்கொண்டிருந்த இடங்களையெல்லாம் தேடித் தேடிப் பிரித்தாள். ஒரு நிச்சயதார்த்தத்துக்கு நாள் இருந்தால் போதும்; அதைப் பதிந்து வைக்க மணி எதற்கு? எந்த ஊர்க் கடிகாரமும் இனி அதைத் தொட முடியாது. மத்தியானம் இம்தியாஸ் டீயோடு வந்து பின்னால் நின்று பார்த்தான். அவனுக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. ஆனா வெள்ளிக்கிழமைதான் ஏத்துவேன்னு நினைக்காதீங்க."

"வேற எப்ப?"

"நாளைக்கு, செவ்வாய்க்கிழமை. கடை திறந்திருக்கும்போதே. சுபா அங்க உக்காந்திருக்கணும், பெரியண்ணன் இங்க உக்காந்திருக்கணும். நான் ஒவ்வொரு தேதியாப் படிப்பேன். ரெண்டு பேரும் சரின்னு சொன்னாத்தான் அடுத்தது."

"பெரியண்ணனுக்குக் கம்ப்யூட்டர்ல என்ன தெரியும்?"

"பஞ்சாங்கம் தெரியும்" என்றாள் ஆரிஃபா, டீயை வாங்கிக்கொண்டு.